‘அவருக்கு ஒன்றும் தெரியாது’

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், கோரிமேட்டை ஒட்டி, மலையடிவாரத்தை நெருங்கும் இடத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. சென்ற தை மாதம் அவ்வூரில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரம் மந்திரித்துச் செபம் சொல்ல என்னை அழைத்திருந்தனர். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன்களில் வந்து இறங்கியிருந்தனர்.

பெண்ணின் தாத்தாவை நான் நன்கு அறிவேன். எண்பதைக் கடந்தவர், வெள்ளைக்கல் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்பங்குக்கு நான் வந்த முதல் ஆண்டில், தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையை முன்நின்று பாடியவர் அவரே. அவர் புத்தகத்தைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அன்று பந்தலில் அவரைக் காணாமல், “தாத்தா எங்கேம்மா?” என்று அவ்வீட்டு மருமகளைக் கேட்டேன். அந்த அம்மாள் சற்றே தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உள்ள படுத்திருக்காருங்க சாமி. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால எதையாவது பேசிட்டாருன்னா...”

பின்கட்டு அறையின் கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டிருந்தது. தாழை நீக்கி உள்ளே சென்றேன். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, துண்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆயினும் வெள்ளை அங்கியைக் கண்டதும் துண்டை விட்டுவிட்டு இரு கைகளையும் குவித்தார். “தோத்திரம் சாமி” என்றார். பிறகு, “பூசைக்கு ரெண்டாம் மணி அடிச்சாச்சுங்களா?” என்று கேட்டார். அருகில் அமர்ந்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். அதற்குள் பந்தலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. நான் வெளியே வந்ததும் கதவு மீண்டும் தாழிடப்பட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோதிரத்தை மந்திரித்து, விருந்துண்டு, வீடு திரும்பினேன்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வதற்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அன்றிரவு அதைப் புரட்டினேன். அவர் பெயர் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடும் இருந்தது. பக்கத்தில் ‘நினைவு இல்லை’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நாவில் வைத்த நற்கருணையை அவர் ஒருமுறை உமிழ்ந்துவிட்டார் என்பதற்காகக் கிழித்த கோடு அது. வீட்டார் அவரை அறைக்குள் வைத்துத் தாழிடுமுன்பே, பங்குத்தந்தை அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன்.

ஆகவே இக்கட்டுரையில் எவரையேனும் கடிந்துகொள்வதாயின் முதற்கல் என்மீதே விழட்டும். அதற்காக மற்றவர்களை விட்டுவிடுவதாகவும் இல்லை.

‘அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்னும் இவ்வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டேன்! இரக்கத்தின் குரலில்தான் சொல்லப்படுகிறது. ‘ஒன்றும் தெரியாதவரைக் கோவிலுக்கு அழைத்துவந்து என்ன பயன்? திருமண வீட்டில் உட்கார வைத்து என்ன பயன்? அவரோடு பேசி என்ன பயன்?’ என்று அந்த இரக்கம் படிப்படியாக இறங்கி, இறுதியில் ஒரு தாழ்ப்பாளில் வந்து நிற்கிறது. இவ்வாக்கியம் உண்மையாக இருந்தாலும் அன்புக்கு அது தடையாகாது. ஆனால் அது உண்மையே இல்லை என்பதுதான் என் வழக்கு.

இந்நோயை ‘மூப்பு வந்தால் அப்படித்தான்’ என்று நாம் தள்ளிவிடுகிறோம். ‘குழந்தை மாதிரி ஆகிவிட்டார்’ என்கிறோம். ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்கிறோம். யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். பெயர் எதுவாயினும், இது மூப்பின் இயல்பன்று, மூளையின் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை மருத்துவர் அவையில் விளக்கினார். அந்நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. இரத்தக் குழாய் அடைப்பினால் வருவது முதலிய வேறு வகைகளும் உண்டு.

‘இதெல்லாம் மேல்நாட்டார் நோய், நம் ஊரில் ஏது?’ என்று ஒரு காலத்தில் நம் மருத்துவர்களே எண்ணியதுண்டு. அவ்வெண்ணத்தை அசைத்த ஆய்வுகளுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 1997ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், அறுபது வயதைக் கடந்தோருள் 100க்கு 3.5 பேர் இந்நோய்க்கு ஆளானோர் என்று கண்டனர். அண்மைக் கணக்கு இன்னும் பெரிது. நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி அறுபது கடந்த இந்தியருள் 100க்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள். இரு ஆய்வுகளின் முறைகளும் வேறு. ஆகவே நோய் இரட்டித்துவிட்டது என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. பங்குத்தந்தையர் ஒரு சிறு பெருக்கல் கணக்கைச் செய்து பார்த்தால் போதும். அறுபது கடந்தோர் 400 பேர் உள்ள ஒரு பங்கில், இந்த விகிதப்படி, முப்பது பேருக்கு இந்நோய் இருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியில் அவர்களுள் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? முப்பது பேரும் எங்கே?

எல்லாரும் தாழிட்ட அறைகளில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. திண்ணையில் இருக்கிறார்கள், தொலைக்காட்சியின் முன் இருக்கிறார்கள், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாதக் கணக்கில் மாற்றப்படுகிறார்கள். ஆனால் அவர்களோடு எவரும் பேசுவதில்லை.

இனி, அவர்களுக்கு ‘ஒன்றும் தெரியாதா’ என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் சிலருக்குச் சோகமான திரைக்காட்சிகளையும், வேறொரு நேரம் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரம் கழித்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது அவர்களால் ஏறக்குறைய ஒன்றையுமே சொல்ல இயலவில்லை. ஆனால் சோகக் காட்சி எழுப்பிய துயரமும், மகிழ்ச்சிக் காட்சி எழுப்பிய இன்பமும் அவர்களிடம் இன்னும் தங்கியிருந்தன. 2014ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில் பங்குபெற்ற நோயாளிகள் 17 பேர்தாம், சிறிய ஆய்வு. எனினும், நோயாளியோடு நாள்தோறும் வாழும் எந்தத் தாதியும், எந்த மருமகளும் இதை மறுக்கமாட்டார்கள். நீங்கள் வந்து போனது அவருக்கு மறந்துவிடும். நீங்கள் வந்ததால் உண்டான நிம்மதி அவரிடம் இருக்கும். அவ்வண்ணமே, காலையில் அவரை ஏசியதும் மறந்துவிடும். ஏச்சின் வலி மட்டும் இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று அறியாத வலியாக. மாலையில் காரணமின்றி அழுகிறார், கத்துகிறார் என்கிறோமே, நாம் மறந்துவிட்ட காரணம் அவருக்குள் இருக்கிறது போலும்.

தோழமை இந்நோயைக் குணமாக்காது. அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். நோய் தன் வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் போகும் வழியைத் தோழமை மாற்றுகிறது. இங்கிலாந்தில் 69 முதியோர் இல்லங்களில் எண்ணூறுக்கு மேற்பட்ட மறதி நோயாளிகளிடையே ஓர் ஆய்வு நடத்தி 2018ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். ஒவ்வொருவரின் விருப்பம் அறிந்து அவரோடு உரையாடவும் பழகவும் பணியாளர்களைப் பயிற்றுவித்த இல்லங்களில், நோயாளிகளின் கொந்தளிப்புக் குறைந்தது. வாழ்வின் தரம் உயர்ந்தது. அதற்கென அவர்கள் வகுத்துக்கொண்ட நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி. ஒரே ஒரு மணி! நம் பங்குப் பேரவைக் கூட்டம் ஒன்றில் கணக்கு வாசிக்கவே அதற்குமேல் ஆகிறது.

இங்கே நம்மிடையே நடந்ததையும் சொல்ல வேண்டும். சிறு குழுவாக அமர்த்தி, பழைய பொருள்கள், பாட்டு, விளையாட்டு, அன்றாடச் செய்தி இவற்றைக் கொண்டு நோயாளிகளைப் பேசவும் சிந்திக்கவும் வைக்கும் ஒரு முறை இங்கிலாந்தில் உருவாயிற்று. அதை நம் பண்பாட்டுக்கு ஏற்பத் திருத்தி, நோயாளிகளும் குடும்பத்தாரும் ஏற்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தது சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம். அந்த முன்னோட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. இம்முறைக்கு மருந்துச் சீட்டு வேண்டியதில்லை. வட்டமாக நாற்காலிகளும், பொறுமையுள்ள ஓரிருவரும் வேண்டும். அன்பியக் கூட்டம் நடத்தத் தெரிந்த நமக்கு இது புதிய கலையா?

நம் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியரைக் கொண்டு 1986ஆம் ஆண்டு டேவிட் ஸ்னோடன் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குத் தர அச்சகோதரிகள் இசைந்தனர். அவர்களுள் 101 வயது வரை வாழ்ந்த ஒரு சகோதரியின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் அறிவுத் தேர்வுகளில் அவர் நன்றாகவே தேறியிருந்தார். கூட்டாக உண்டு, கூட்டாகச் செபித்து, கடைசிவரை ஒருவருக்கொருவர் வேலை செய்து வாழ்ந்த வாழ்வுதான் இதற்குக் காரணம் என்று அறிவியல் அறுதியிட்டுக் கூறவில்லை. கல்வி, இளமையின் மொழித்திறன் என்று வேறு விளக்கங்களும் உள்ளன. நானும் அதற்குமேல் சொல்லமாட்டேன். ஆயினும் 2024ஆம் ஆண்டு வெளியான ‘லான்செட்’ மருத்துவ ஆணையத்தின் அறிக்கை, இந்நோயின் ஆபத்தைக் கூட்டுபவையும் நம்மால் மாற்றத்தக்கவையுமான 14 காரணங்களைப் பட்டியலிடுகையில், தனிமையையும் செவித்திறன் குறைவையும் அதில் சேர்த்திருக்கிறது. காது கேளாத பெரியவரை ‘செவிட்டு முண்டம்’ என்று சிரித்துக் கடந்துபோகும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். காது கேளாமை பேச்சை நிறுத்துகிறது. பேச்சு நின்றால் உறவு நிற்கிறது.

பேச்சு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன? “என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” சுற்றி நிற்பவர்கள் புன்னகையோடு காத்திருக்கிறார்கள். பெரியவர் தவிக்கிறார். கண்கள் அங்குமிங்கும் அலைகின்றன. தவறான பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு. சரியாகச் சொல்லிவிட்டால் கைதட்டல். பிறகு அடுத்தவர் முன்வந்து அதே கேள்வியைக் கேட்கிறார். ஐயா, அம்மா, இதற்குப் பெயர் நலம் விசாரித்தலா? மனிதனின் மிகப்பெரிய வலியில் விரலை வைத்து அழுத்திப் பார்க்கும் செயல் இது. எம்மாவு சென்ற சீடர்கள், தங்களோடு நடந்துவந்தவர் யார் என்று அறியாதிருந்தனர். ஆண்டவர் அவர்களிடம் “நான் யார், சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டா நடந்தார்? அவர்களோடு நடந்தார், பேசினார், மாலையில் அப்பத்தைப் பிட்டார். நீங்களும் அருகில் சென்று, உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய மாட்டைப் பற்றியோ, மழையைப் பற்றியோ, அவர் கால்வாரி விளையாடிய நண்பனைப் பற்றியோ பேசுங்கள். அவர் இறந்துபோன தம் தாயைத் தேடினால், “அவங்க செத்து முப்பது வருசம் ஆச்சு” என்று ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி அறிவிக்க வேண்டாம். “உங்கம்மா என்ன குழம்பு வைப்பாங்க?” என்று கேளுங்கள்.

வெட்கம் என்பது அடுத்த தடை. நிச்சயதார்த்த வீட்டின் தாழ்ப்பாள் வெட்கத்தால் போடப்பட்டதே. ‘இந்த வீட்டில் பைத்தியம் இருக்கிறது’ என்று பெயர் வந்துவிட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்னும் அச்சம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். பெண்ணைப் பெற்றவர்களின் நெஞ்சு எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் நேரடியாக இறங்கி வரும் வகை மிகச் சிலருக்கே, அதுவும் பெரும்பாலும் இளவயதிலேயே, வருவது. எண்பது வயதில் ஒருவருக்கு மறதி நோய் வந்ததால் அவர் பேத்தியின் வாழ்வு கறைபட்டுவிடாது. சம்பந்தம் பேச வருகிற நம் கத்தோலிக்கக் குடும்பங்களையும் கேட்கிறேன்: நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்த வீட்டில் நோயாளி இருக்கிறாரா என்பதையா? அந்த நோயாளியை அந்த வீட்டார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை விசாரித்தால், நாளை உங்கள் பிள்ளையை எப்படி வைத்திருப்பார்கள் என்பது தெரிந்துவிடுமே!

இனி எங்கள் இனத்தாரிடம் வருகிறேன். மறைவட்டக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, ஒரு குருவானவர், “புத்தி சுவாதீனம் இல்லாதவருக்கு நற்கருணை எதற்கு? அது அப்பமா, ஆண்டவரா என்று அவருக்குத் தெரியுமா?” என்றார். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். என் சிவப்புக் கோடும் அதே நியாயத்தில் கிழித்ததுதான். குருமடத்தில் நாங்கள் படித்ததைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அது நிற்காது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பி’ன் மூன்றாம் பகுதியில் இதே கேள்வியை எழுப்புகிறார். பிறவியிலிருந்தே அறிவு விளங்காதவர் வேறு, ஒரு காலத்தில் அறிவும் பக்தியும் கொண்டிருந்து பின்னர் அவ்வறிவை இழந்தவர் வேறு என்று பிரித்து, பின்னவர் முன்பு காட்டிய பக்தியைக் கருதி, இறக்கும் வேளையில் அவருக்கு நற்கருணை வழங்கப்பட வேண்டும் என்கிறார். கக்கிவிடவோ உமிழ்ந்துவிடவோ அஞ்சத்தக்க நிலை மட்டும் அவருக்கு விலக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கண்டிப்பே இவ்வளவு தூரம் கதவைத் திறந்து வைத்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதை இன்னும் அகலத் திறந்தார். நற்கருணை பற்றிய 2007ஆம் ஆண்டுத் திருத்தூது ஊக்கவுரையின் 58ஆம் எண்ணில், மனவளர்ச்சி குன்றியோர் திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்றவராயின் இயன்றவரை அவர்களுக்கு நற்கருணை வழங்க வேண்டும் என்றும், தங்களோடு வரும் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்றும் எடுத்துரைத்தார். பிறவியிலேயே குறைவுள்ளவருக்கே இது பொருந்துமாயின், எழுபது ஆண்டுகள் நற்கருணை உட்கொண்டு வாழ்ந்தவருக்கு எவ்வளவு பொருந்தும்!

சமூகத்தின் விசுவாசம் என்பது புதுக் கண்டுபிடிப்பன்று. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனை நால்வர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அப்போது ஆண்டவர் கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று நற்செய்தி ஒரு சொல்லும் கூறவில்லை. திருப்பலியே நினைவுகூரும் செயல். ஆண்டவர் தம் நினைவாகச் செய்யச் சொன்னது கூடியிருந்த சீடர்களிடம். ஆகவே அந்த நினைவைச் சுமப்பது சபை. அதில் ஒருவருடைய நினைவு இற்றுப்போனால், அவருக்காகவும் சேர்த்து மற்றவர்கள் நினைத்துக்கொள்வதற்காகத்தான் சபை என்று ஒன்று இருக்கிறது.

திருச்சபைச் சட்டத்தைக் காட்டுவோரும் உண்டு. அறிவின் பயன்பாட்டை நிரந்தரமாக இழந்தவரைக் குழந்தைக்கு ஒப்பாகக் கருதுகிறது சட்டம் 99. எனவே ஞாயிறு கடன் அவரைக் கட்டாது. உண்மை. ஆனால் சட்டம் அவருக்கு அளித்தது விடுதலை. அந்த விடுதலையை நாம் விலக்காக மாற்றிவிட்டோம். ‘வர வேண்டிய கடமை இல்லை’ என்பது ‘வரக் கூடாது’ என்று எப்போது ஆயிற்று? நோயில்பூசுதல் பற்றிய 1006ஆம் சட்டமோ, தன்னினைவோடு இருந்த காலத்தில் அந்த அருட்சாதனத்தை மறைமுகமாகவேனும் விரும்பியிருப்பவருக்கு அதை வழங்குமாறு பணிக்கிறது. உமிழ்ந்துவிடுவார் என்னும் அச்சத்துக்கும் வழியில்லாமல் இல்லை: ஒரு சிறு துணுக்கு, ஒரு கரண்டி நீர், விழுங்கவே இயலாதவருக்குத் திரு இரத்தத்தை மட்டும் வழங்கவும் 925ஆம் சட்டம் இடந்தருகிறது. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் சிவப்பு மையைத் தேடியவன் நான்.

சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரத்தை நம் வீடுகளில் எடுத்துப் படியுங்கள். தந்தையை முதுமையில் பேணுமாறு சொல்லிவிட்டு, அவருடைய அறிவாற்றல் குறைந்துபோனாலும் பொறுமையோடு நடந்துகொள்ளுமாறும், உன் வலிமையை நினைத்து அவரை இகழாதிருக்குமாறும் அந்நூல் கட்டளையிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நோயை ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

2020ஆம் ஆண்டின் பொது முடக்கம் இந்த ஒதுக்கலுக்கு ஒரு வசதியைச் செய்துகொடுத்தது. கோவில்கள் மூடப்பட்டிருந்த அக்காலத்தில் தொலைக்காட்சித் திருப்பலி எத்தனையோ முதியோருக்கு ஆறுதலாக இருந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கோவில் திறந்தபின் மற்றவர்கள் திரும்பிவந்தார்கள், அவர்கள் திரும்பிவரவில்லை. ‘அவருக்கு டி.வி. பூசை போதும்’ என்று வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். தொலைக்காட்சிக் குருவானவர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பாரா? சமாதானம் சொல்லும்போது பக்கத்து இருக்கைக்காரர் நீட்டும் கையைத் திரை நீட்டுமா?

இதுவரை கடிந்துகொண்டதைப் படித்துவிட்டு, எல்லாப் பழியும் அந்த மருமகள்மீது விழுகிறது என்று எவரேனும் எண்ணினால், நான் எழுதியது வீண். அந்த அம்மாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறார். மாமனாரின் துணியை நனைத்துக் காயப்போட்டு, அவருக்குச் சோறூட்டி, பிறகு வேலைக்குப் போகிறார். கணவர் திருப்பூரில். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பெரியவர் வெளியே இறங்கி ஏற்காடு சாலையில் லாரிகளுக்கு நடுவே நடந்துபோனது இருமுறை. தாழ்ப்பாள் அதற்குப் பிறகு வந்தது. ‘நம் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, மேல்நாட்டார்போல் நாம் முதியோரைக் கைவிடுவதில்லை’ என்று மேடைகளில் முழங்குகிறோம். கொச்சியில் 1998ஆம் ஆண்டு உருவான ‘10/66’ என்னும் ஆய்வுக் குழு, வளரும் நாடுகள் பலவற்றில், நம் சென்னையிலும் வேலூரிலும்கூட, மறதி நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று ஆராய்ந்தது. பெரிய குடும்பங்களிலும் பராமரிப்பவர் படும் மனச்சுமை மேல்நாட்டில் உள்ளதற்குக் குறைந்ததாக இல்லை என்று கண்டது. பராமரிப்பவர் யார் என்றால் பெரும்பாலும் ஒரு பெண். கூட்டுக் குடும்பம் என்று நாம் பெருமை பேசுவதன் பாதிப் பொருள், ஒரு மருமகளின் முதுகெலும்பு.

ஜார்ஜ் பெர்னாண்டஸை நினைவிருக்கிறதா? இளமையில் பெங்களூரில் குருமடத்தில் பயின்று, வெளியேறி, தொழிற்சங்கத் தலைவராகி, நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோய்க்கு ஆளாகி 2019ஆம் ஆண்டு சனவரியில் இறந்தார். நோயுற்ற அவரைச் சந்திக்கும் உரிமை வேண்டி, உடன்பிறந்தோரும் நெடுநாளைய அரசியல் தோழர் ஒருவரும் நீதிமன்றம் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அக்குடும்பத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நினைவிழந்த ஒருவரைப் பார்ப்பதற்கு வழக்காடும் அளவுக்கு அவரைத் தேடியவர்கள் இருந்தார்கள் என்பதைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டிச் சுரங்கத் தொழிலாளியைப் பார்க்க வேண்டும் என்று வழக்குத் தொடுப்பார் எவருமில்லை. வழக்கு வேண்டாம், தாழ்ப்பாளை நீக்க ஒரு கை போதும், அந்தக் கையும் போகவில்லை.

அண்டை மாநிலத்தார் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மறதி நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான தேசிய அளவிலான சங்கம் 1992ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தது. படுத்த படுக்கையானவர்களை அவரவர் அண்டை வீட்டாரே முறைவைத்துச் சென்று பார்க்கும் வலிநிவாரணத் தொண்டும் அங்கே, மலப்புரம் முதலிய மாவட்டங்களில், 2001ஆம் ஆண்டிலிருந்து வேரூன்றியது. மருத்துவரும் செவிலியரும் அதில் உண்டு. ஆனால் தாங்கி நிற்பவர்கள் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி.

நமக்கு ஆள் இல்லையா? எங்கள் பங்குத் திருவிழாவில் தேர் தூக்க நாற்பது இளைஞர் பெயர் கொடுக்கிறார்கள். மின்விளக்குக்கு ஒரு குழு, அன்னதானத்துக்கு ஒரு குழு, வாணவேடிக்கைக்குத் தனியாக ஒரு குழு. தேரில் வைத்துத் தூக்கும் சுரூபத்துக்கு ‘ஒன்றும் தெரியாது’ என்று எவரும் சொல்வதில்லை! மரத்தை நாற்பது பேர் தோளில் சுமக்கிறோம். மனிதரைச் சுமக்க ஒரு பெண்ணை விட்டுவிடுகிறோம். இதைப் பங்குப் பேரவையில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

சிவப்புக் கோடு கிழித்த பெயரை நான் மீண்டும் எழுதிக்கொண்டேன். தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளியன்று, வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் பெரியவரை ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். ஆர்மோனியத்துக்கு அருகில் அவருடைய பழைய இடத்திலேயே அமர்த்தினோம். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒலிபெருக்கியின் இரைச்சலில் மிரண்டு, ஆறாம் தலத்தில், “வீட்டுக்குப் போகணும்” என்று சத்தமிட்டார். சிறுவர்கள் சிரித்தார்கள். அழைத்துச் சென்றுவிட்டோம். அடுத்த வெள்ளி ஒலிபெருக்கியை அவர் பக்கம் அணைத்து வைத்தோம். பாட்டெடுக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பத்தாம் தலம் வரை இருந்தார். அன்று அவருடைய மருமகள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, முழுச் சிலுவைப்பாதையும் முழந்தாளிட்டுச் செய்தார்.

இப்போது அந்த அம்மாள் வேலைக்குப் போகும் நேரத்தில் பெரியவரோடு உட்கார்ந்திருக்க அன்பியத்தார் முறைவைத்துப் போகிறார்கள். திங்களுக்கும் வியாழனுக்கும் இருவர் கிடைத்திருக்கிறார்கள். வெள்ளிக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். புதனும் சனியும் நான் போகிறேன். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. அன்று தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கிறது.